பொப்சொன்சா ஜிக்வாங் நினைவுக்கல் (கொரியா, 1085): பாகங்கள், வாசகம், மைப்படி, பிரிந்துபோன ஸ்தூபி

#1 ஆமைமுதுகு

வணக்கம் நண்பர்களே. வொன்ஜு நகரத்தைச் சேர்ந்த புரோன் வட்டாரத்தில், பொப்சொன்சா கோயில் இடிபாட்டில் நிற்கும் ஜிக்வாங் தேசகுருவின் நினைவுக்கல்லுக்கு ஒரு தனி இழை. பொது இழையில் இதன் படம் வரும்போதெல்லாம் "அருமை" என்று நாலு பேர் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. இந்தக் கல் அதைவிட அதிகம் கேட்கிறது.

அடிப்படைத் தகவல்: துறவியின் பெயர் ஹேரின், 984-ல் பிறந்து 1070-ல் மறைந்தவர். வொன்ஜு ஊர்க்காரர், வொன் குடும்பம். கொர்யோ (அன்றைய கொரிய அரசு) அரசர் முன்ஜோங் இவரை 1056-ல் அரசகுருவாகவும் 1058-ல் தேசகுருவாகவும் அமர்த்தினார். 'ஜிக்வாங்' என்பது மறைவுக்குப் பின் அரசர் தந்த பட்டம், 'அறிவொளி' என்று பொருள். கல் நட்டது 1085, சொன்ஜோங் அரசரின் 2-ஆம் ஆட்சியாண்டு. மொத்த உயரம் சுமார் 4.55 மீட்டர். வாசகம் இயற்றியவர் சோங் யூசான், எழுத்து ஆன் மின்ஹு, செதுக்கியவர்கள் ஈ யோங்போ, ஜாங் ஜாசுன்.

மூன்று விஷயங்களைப் பேசலாம்: கல்லின் அமைப்பு, வாசகத்தைப் படிக்கும் முறை, பக்கத்தில் இருந்த, அவருடைய எலும்புத்தாதுக்கான ஸ்தூபியை 2024-ல் காட்சிக்கூடத்துக்குள் நிறுத்தியது சரியா என்பது. மூன்றாவதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, பிறகு சொல்கிறேன்.

#2 உளிச்சத்தம்

அமைப்பை நான் தொடங்குகிறேன். மூன்று தனிக் கற்கள், ஒன்றன்மேல் ஒன்று.

கீழே ஆமைப் பீடம், கொரியத்தில் 'குவிபு'. நடுவில் எழுத்துப் பலகை, 'பிஷின்'. மேலே முடிக்கல், 'இசு'. ஆமையின் முதுகில் பலகை உட்காரும் மேடைக்கு 'பிஜ்வா' என்று பெயர். அதில் நீள்சதுரக் குழி வெட்டிப் பலகையின் அடிப்பகுதியை இறக்குவார்கள். நம் தச்சர்கள் சொல்லும் கழுந்தும் குழியும்தான். சாந்தை நம்பிய வேலை இல்லை. எடையும் பொருத்தமும்தான் பிடித்து நிறுத்துகின்றன.

பீடமும் முடியும் கருங்கல். பலகை மட்டும் வேறு வகை, நுண்மணிக் கல். கருங்கல்லில் படிக மணிகள் பெரிதாக இருக்கும். நெருக்கமாகக் கோடுகள் வரும் சீன எழுத்தைச் சிறிய அளவில் வெட்டினால் உளி ஒரு மணியைத் தட்டும்போது அந்த மணியோடு கோடும் பெயர்ந்துவிடும். அதனால் எங்கிருந்தாவது நுண்மணிக் கல்லைத் தேடிக் கொண்டுவருவார்கள். கொர்யோவுக்கு முந்தைய சில்லா அரசின் காலத்து நாங்ஹே துறவியின் கல்லுக்குப் போர்யோங் பகுதியின் கரிய நாம்போ கல். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் அதன் ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

எடைக்கு ஒரு கணக்கு. 3 மீட்டர் உயரம், 1.4 மீட்டர் அகலம், 25 செ.மீ. கனம் உள்ள பலகை என்று வையுங்கள். 1.05 கனமீட்டர். கனமீட்டருக்கு 2.7 டன் வீதம் 2.8 டன் வருகிறது. இதை நிமிர்த்தும்போது கீழ் விளிம்புதான் முதலில் அடிபடும். நிமிர்ந்தபின் முடிக்கல்லை நேர் நடுவில் இறக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் பலகையின் மேல் மூலை சிதறும்.

#3 தாள்மடிப்பு

உளிச்சத்தம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: ஆமைமுதுகின் அறுகோணக் கட்டங்களுக்குள் 'அரசர்' எழுத்தைச் செதுக்கியிருப்பதுதான் இந்தக் கல்லின் அடையாளம்.

#4 ஆமைமுதுகு

தாள்மடிப்பு, எழுத்து சரி, கட்டம் சரியில்லை. பொப்சொன்சா ஆமையின் முதுகை அறுகோணமாகப் பிரிக்கவில்லை. சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் 'வாங்' என்ற எழுத்தை, அதாவது அரசரைக் குறிக்கும் எழுத்தை, வைத்திருக்கிறார்கள். நீங்கள் நினைப்பது பக்கத்துக் கொதொன்சா கோயில் இடத்தில் உள்ள வொன்கோங் தேசகுருவின் கல்லாக இருக்கும் (1025). அதில் அறுகோணம், உள்ளே ஸ்வஸ்திகமும் தாமரையும். இரண்டும் வொன்ஜுவிலேயே இருப்பதால் படங்கள் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

பிரித்தறிய இன்னொரு வழி முடிக்கல். கொதொன்சாவில் மேகத்துக்குள் நாகங்கள் மணிக்காகப் புரள்கின்றன, பழைய வழக்கம். பொப்சொன்சாவில் நாகக் கூட்டமே இல்லை. நான்கு மூலையும் மேலே தூக்கிய கிரீடம் போன்ற கல், மூலைகளில் பூ, நடுவில் மூன்றடுக்குத் தாமரை. அறுபது ஆண்டுக்குள் இவ்வளவு மாற்றம்.

#5 தாள்மடிப்பு

திருத்தத்துக்கு நன்றி. சதுரம்தான், பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.

#6 மூன்றுகால்காகம்

பலகையின் தலைப்பகுதியைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லையே! எனக்கு இந்தக் கல்லில் உயிரே அங்கேதான்.

நடுவில் பட்டயத் தலைப்பு, முத்திரை எழுத்து என்னும் பழைய சீன எழுத்து வடிவில். அதற்கு மேலே சுமேரு மலை, அதன்மேல் மரம். இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயர் வரும்போது எந்த மரத்தடியில் ஞானம் பெறுவாரோ அந்த நாகமலர் மரம். ஒரு பக்கம் சூரிய வட்டம், உள்ளே மூன்று கால் காகம். மறுபக்கம் நிலா வட்டம், உள்ளே மரமும் முயலும். சுற்றிலும் மேகம், பறக்கும் தேவமாதர். எல்லாம் மெல்லிய கோட்டு வேலை, புடைப்பு மிகக் குறைவு. நேர் வெயிலில் நின்று பார்த்தால் வெறும் கல்லாகத்தான் தெரியும்.

பக்கவாட்டு முகங்கள் இதற்கு நேர்மாறு. கனம் குறைந்த அந்த ஒடுங்கிய முகத்தில், இரண்டு பக்கமும் மேகத்துக்குள் இரட்டை நாகங்கள், ஆழமான புடைப்பு. ஒரு நாகத்தின் முதுகு மேகத்துக்குப் பின்னால் போய் மறுபடி வெளியே வரும் இடத்தை மட்டும் பாருங்கள்: செதில் வரிசை மேகத்துக்குள் நுழையும் கோணமும் வெளிவரும் கோணமும் பொருந்துகின்றன. மறைந்த உடம்பையும் மனதுக்குள் வரைந்து வைத்துக்கொண்டு வெட்டியிருக்கிறார்கள். பல கற்களில் பக்க முகத்தை வெறுமையாகவே விட்டிருப்பார்கள். இங்கே அதுதான் போட்டிபோட்டு வேலை செய்த இடம்.

#7 காஞ்சிப்பக்கம்

மைத்ரேயர் ஏன் என்று கேட்டால், ஹேரின் சார்ந்த பிரிவு அப்படி. பொப்சாங், அதாவது யோகாசார மரபு. காண்பதெல்லாம் அறிவின் தோற்றமே என்பது கொள்கை. மைத்ரேயரை அந்த மரபின் முதல் ஆசானாக வைப்பார்கள்.

நமக்கு நெருக்கமான ஒரு இழையும் இதில் ஓடுகிறது. இந்த மரபுக்குக் கிழக்காசியாவில் ஆதாரமான நூல், சீனத் துறவி சுவான்சாங் (நாம் யுவான் சுவாங் என்று படித்தவர்) 659-ல் பல உரைகளைச் சேர்த்துச் சீனத்தில் ஆக்கியது. அதில் தீர்ப்பாக எடுத்துக்கொண்ட உரை தர்மபாலருடையது. தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், அமைச்சரின் மகன் என்று சுவான்சாங்கின் பயணக் குறிப்பே சொல்கிறது. ஹேரினுக்கும் காஞ்சிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது, அப்படி யாரும் எழுதிவிடாதீர்கள். ஆனால் வொன்ஜுவில் அவருடைய மரபு பயின்ற கொள்கையின் ஒரு வேர் காஞ்சியில் இருக்கிறது.

இன்னொன்று, அரசியல் பின்னணி. ஹேரினின் முக்கிய மாணவர் சோஹ்யோன், அரசருக்குப் பெண் கொடுத்த ஈ ஜாயொனின் மகன். இவ்வளவு ஆடம்பரமான கல்லுக்கு அந்தக் குடும்பத்தின் ஆதரவையும் கணக்கில் வைக்க வேண்டும். சோஹ்யோனுக்கே பின்னர் கும்சான்சாவில் கல் நட்டார்கள், 1111-ல்.

#8 தாள்மடிப்பு

வாசகம் எப்படித் தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராவது சொல்லுங்களேன். மைப்படியின் (கல்மேல் தாளை ஒட்டி மையால் எடுத்த படியின்) படம் கையில் இருக்கிறது, எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை.

#9 வலமிருந்துஇடம்

வலது ஓரத்திலிருந்து, மேலிருந்து கீழ். வரிசை பெரும்பாலும் ஒன்றேதான், கொர்யோக் கல் எதை எடுத்தாலும் உதவும்.

முதல் வரி தலைப்பு: நாடு, கோயில், பட்டம், ஸ்தூபியின் பெயர். ஜிக்வாங்கின் ஸ்தூபிக்குப் பெயர் 'ஹ்யோன்மியோ'. பட்டமும் ஸ்தூபிப் பெயரும் அரசர் கொடுப்பவை, எனவே தலைப்பிலேயே வந்துவிடும். அடுத்த வரிகளில் இயற்றியவர், எழுதியவர். பெயருக்கு முன்னால் நீளமாகப் பதவிகள் வரும். பெயரைத் தேடுகிறவர்கள் வரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள், 'அரசாணைப்படி இயற்றினேன்' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும்.

பிறகு உரைநடை: பிறப்பு, தாயின் கனவு, துறவு, தேர்வு, பதவிகள், ஓய்வு, மறைவு. அதற்குப் பின் 'மியோங்', செய்யுள். உரைநடையில் சொன்னதையே சுருக்கிப் பாடும் பகுதி. ஒரு எழுத்து தேய்ந்துபோனால் செய்யுளில் அதே செய்தி வருகிறதா என்று பாருங்கள், பல இடங்களில் கைகொடுக்கும். கடைசியில் ஆண்டும் செதுக்கியவர் பெயரும். பின்முகத்தில் மாணவர் பட்டியல், அதற்கு 'உம்கி' என்று பெயர்.

எழுத்து ஓயாங் சுன் பாணி. சீனாவின் தாங் காலத்து அந்த எழுத்து நிமிர்ந்து, கோணம் கூர்ந்து, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ஆன் மின்ஹு கையில் அதே எழுத்து இளகி வருகிறது.

இனி புதியவர்கள் வழுக்கும் இடங்கள்.

வெற்றிடம்: அரசரைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் மரியாதைக்காக இடம் விடுவார்கள், சில நேரம் வரியையே மாற்றுவார்கள். மைப்படியில் அது கறுப்புக் கட்டமாகத் தெரியும். தேய்ந்த எழுத்தும் கறுப்பாகத்தான் தெரியும். 'இங்கே மூன்றெழுத்து சிதைவு' என்று குறித்துக்கொண்டு, இல்லாத சொல்லை நிரப்பப் போகிறவர்கள் அதிகம். அடுத்து வருவது அரசரைப் பற்றிய சொல்லா என்று பாருங்கள். ஆமாம் என்றால் அது பெரும்பாலும் சிதைவு அல்ல, மரியாதை.

விலக்கு எழுத்து: கொர்யோ அரசர்களின் இயற்பெயரில் உள்ள எழுத்தை அப்படியே எழுதக் கூடாது. ஹ்யேஜோங்கின் பெயர் 'மு', பொருள் போர். அதனால் 'மு' வர வேண்டிய இடத்தில் 'ஹோ', அதாவது புலி, வரும். 'கல்வியும் போரும்' என்ற தொடர் 'கல்வியும் புலியும்' ஆகிவிடும். எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தினால் நீங்கள்தான் பிழை செய்கிறீர்கள். சில இடங்களில் எழுத்தை மாற்றாமல் கடைசிக் கோட்டை மட்டும் விட்டுவிடுவதும் உண்டு.

ஆண்டு: 1085-க்கான ஆண்டுப்பெயர் 'தேஆன்' முதலாண்டு, கொர்யோவுக்கு வடக்கே இருந்த லியாவ் அரசின் கணக்கு. கூடவே அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் 'உல்சுக்'. இரண்டும் ஒத்துவந்தால் நிம்மதி. வயது வாசகத்தில் 87 என்று வரும், 86 அல்ல. பிறக்கும்போதே ஒன்று என்று எண்ணும் வழக்கம்.

#10 மைப்பந்து

மைப்படி எடுப்பது பற்றி. முதலில் சட்டம்: இது தேசியப் புதையல். மரபுச்சின்னப் பட்டியலில் உள்ள கல்லில் மைப்படி எடுக்க அரசின் அனுமதி வேண்டும். ஆர்வத்தில் யாரும் தாளும் மையுமாகக் கிளம்ப வேண்டாம். கீழே சொல்வது அனுமதியுள்ள வேலைக்கும், பயிற்சிக் கல்லுக்கும்.

மென்தூரிகையால் தூசு மட்டும் தட்டுங்கள். கற்பாசியைச் சுரண்டக் கூடாது, கூடவே கல்லின் மேல்தோலும் வரும். ஹான்ஜி என்னும் கொரிய மரபுத் தாளை எழுத்துப் பரப்பைவிட நாலு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். தாளை வைத்து நீர் தூவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தூரிகையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு தாள்மேல் மெல்லிய துணி போட்டு, கெட்டித் தூரிகையால் நேராகத் தட்ட வேண்டும். சாய்த்துத் தட்டினால் எழுத்தின் விளிம்பில் தாள் கிழியும்.

இதற்குப் பிறகு காத்திருப்பதுதான் முழு வித்தை. ஈரத் தாள் முதலில் கல்லின் நிறத்தைக் காட்டும். காயக் காய வெளுக்கும். முழுக்க வெளுத்து, விரல் புறத்தால் தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அதற்கு முன்னால் மை வைத்தால் மை தாளைத் தாண்டிக் கல்லுக்குள் போகும், பிறகு எடுக்க முடியாது. பழைய கற்களில் பார்க்கும் கறுப்புப் படலத்தில் ஒரு பங்கு இந்த அவசரத்தின் தடம். தாமதித்தாலும் கெடும், தாள் முழுக்கக் காய்ந்தால் காற்றில் தானாக உரிந்து எழுத்துக் குழியைவிட்டு எழும்பிவிடும்.

மைப்பந்து இரண்டு வேண்டும். பஞ்சைத் துணியில் சுற்றிக் கட்டியது. ஒன்றில் மை எடுத்து இன்னொன்றில் ஒற்றி, அந்த இரண்டாவதால்தான் தாளைத் தட்டுவது. வேறு தாளில் தட்டிப் பார்த்து, மை சொட்டாகத் தெரியாமல் புள்ளிப் புள்ளியாக வந்தால் சரி. முதல் சுற்று சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். மூன்று நான்கு சுற்றில் கறுப்பாக்குங்கள். ஒரே சுற்றில் கறுப்பு வேண்டும் என்று அழுத்தினால் மெல்லிய கோடுகள் அடைத்துப்போகும். மூன்றுகால்காகம் சொன்ன தலைப்பகுதிக் கோட்டு வேலையில் இது நடந்தால் காகத்துக்குக் கால் எத்தனை என்றே தெரியாது.

#11 சாய்வெளிச்சம்

மை இல்லாமலே நிறைய படிக்கலாம். கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, விளக்கைக் கல் பரப்புக்கு 10 முதல் 15 பாகை சாய்வில் வையுங்கள். ஒரே பக்கத்திலிருந்து எடுத்து நிறுத்திவிடாதீர்கள். இடப்பக்க வெளிச்சத்தில் செங்குத்துக் கோடுகள் நன்றாக விழும், கிடைக்கோடுகள் மறைந்துவிடும். கோட்டின் திசையிலேயே வெளிச்சம் போனால் நிழல் விழாது, அவ்வளவுதான் காரணம். மேலிருந்து வைத்தால் நேர்மாறு. குறைந்தது நான்கு திசை, நான்கு படம். கிடைக்கோடு ஒன்றா இரண்டா மூன்றா என்பதில் பொருளே மாறும் எழுத்து இது.

வெறும் வெயிலில்தான் பார்க்க முடியும் என்றால் வெயில் பலகையின் முகத்தை உரசிக்கொண்டு போகும் நேரம் பார்த்து நில்லுங்கள்.

#12 ஆமைமுதுகு

இப்போது மூன்றாவது விஷயம். ஸ்தூபியை 1911-ல் வொன்ஜுவிலிருந்து பெயர்த்து சியோலுக்குக் கொண்டுபோனார்கள். 1912-ல் ஜப்பானின் ஒசாகாவுக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பியது, ஆனால் வொன்ஜுவுக்கு வரவில்லை. 1915-ல் கியோங்போக் அரண்மனை வளாகத்தில் நிறுத்தினார்கள். கொரியப் போரில் குண்டு விழுந்து சுமார் 12,000 துண்டு. 1957-ல் ஒட்டி நிறுத்தினார்கள். 2016-ல் பிரித்து டேஜோனில் உள்ள பாதுகாப்பு மையத்துக்கு. 2023 ஆகஸ்டில் துண்டுகள் வொன்ஜு வந்தன, 2024 நவம்பரில் நிமிர்ந்தது. மொத்தம் 1,975 கி.மீ. அலைச்சல் என்கிறார்கள்.

இவ்வளவும் பட்டு ஊர் திரும்பிய ஸ்தூபியைத் தன் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் காட்சிக்கூடத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். கல் வெளியே, ஸ்தூபி உள்ளே. எலும்புத்தாது ஒன்றிலும் வாழ்க்கை வரலாறு மற்றொன்றிலும் என்று இரண்டும் ஒரே படைப்பாகச் செய்தது. ஸ்தூபியின் அடித்தளம் கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே காப்புக்கூரை போட்டு அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

#13 உளிச்சத்தம்

மனத்தாங்கல் புரிகிறது. ஆனால் அந்தக் கல்லின் உடல்நிலை என்னவென்று பாருங்கள்.

1957 வேலையில் துண்டுகளை ஒட்டியது சிமென்ட், உள்ளே இரும்பு. சிமென்ட் இறுகியபிறகும் நீர் பட்டால் சும்மா இருக்காது. அதிலுள்ள கால்சியமும் சல்பேட்டும் கரைந்து கல்லின் நுண்துளைக்குள் போய், ஜிப்சமாகவும் எட்ரிங்கைட் படிகமாகவும் வளரும். வளரும் படிகம் துளையைப் பிளக்கும். இரும்பு துருப்பிடித்தால் பருத்து உள்ளிருந்து தள்ளும். வெளியே வெள்ளைப் பூப்பாகப் பார்ப்பது அந்த உப்பின் கடைசிக் கட்டம்தான். அந்த ஸ்தூபி எவ்வளவு நலிந்திருந்தது என்றால், 2005-ல் தேசிய அருங்காட்சியகம் அரண்மனை வளாகத்திலிருந்து சியோலின் யோங்சான் பகுதிக்கு இடம் மாறியபோது அதை மட்டும் அசைக்கத் துணியாமல் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

சிமென்ட்டை எடுத்து, இழந்த பகுதிக்கு வொன்ஜுக் கருங்கல்லையே வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அதற்காகக் கல் முழுசாகிவிடவில்லை. ஒவ்வொரு ஒட்டும் ஒரு விரிசல் வழி. வொன்ஜுக் குளிரில் விரிசலுக்குள் நிற்கும் நீர் உறையும்போது 9 விழுக்காடு பருக்கும், ஒரே குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும். காப்புக்கூரை மழையை நிறுத்தும். பனிமூட்டம், தரையின் ஈரம், வெப்ப ஏற்றத்தாழ்வு எதையும் நிறுத்தாது. உள்ளே வைத்ததால் நிலநடுக்க அதிர்வைத் தாங்கும் தளத்தையும் கீழே கொடுக்க முடிந்தது.

#14 மூன்றுகால்காகம்

ஆமைமுதுகு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஸ்தூபி வழக்கமான எண்கோண வடிவம் இல்லை. சதுரம், பல்லக்குபோல. கல்லிலேயே திரைச்சீலை, வளைவு ஜன்னல். பக்கத்தில் கிரீடம் வைத்த கல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பல்லக்கும் கிரீடமும் ஒன்றுக்கொன்று பேசுகின்றன. இப்போது இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க வழியே இல்லை.

#15 தாள்மடிப்பு

ஸ்தூபியைக் கொண்டுபோனவர்கள் கல்லை ஏன் விட்டார்கள்?

#16 உளிச்சத்தம்

ஸ்தூபி அடுக்குக் கல். மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வண்டியில் ஏற்றலாம், தோட்ட அலங்காரமாக விலையும் போகும். நினைவுக்கல்லின் பலகை ஒரே துண்டு. குழியிலிருந்து உருவும்போதே உடையும் ஆபத்து. கொதொன்சாவிலும் அதே கதைதான். வொன்கோங்கின் ஸ்தூபி சியோலுக்குப் போய் இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கல் மட்டும் ஊரில். அங்கே 2007-ல் ஸ்தூபியின் நகலைச் செய்து வைத்தார்கள்.

#17 ஆமைமுதுகு

உப்புப் படிகம் பற்றி உளிச்சத்தம் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. உள்ளே வைத்தது தேவை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே குளிரில்தான் இந்த நினைவுக்கல்லும் நிற்கிறது. பிஜ்வா குழியின் விளிம்பில் நீர் தேங்கினால் அதுவும் உறையத்தானே செய்யும்? கல்லைப் பற்றி ஏன் யாருக்கும் அந்தப் பதற்றம் இல்லை?

#18 உளிச்சத்தம்

நியாயமான கேள்வி. வேறுபாடு, இந்தக் கல் குண்டில் சிதறி சிமென்ட்டில் ஒட்டிய கல் அல்ல. தன் கழுந்திலேயே நிற்கிறது. ஆனாலும் கண்காணிக்க வேண்டிய இடங்கள் மூன்று: நீங்கள் சொன்ன குழி விளிம்பு, முடிக்கல்லின் அடிப்பரப்பும் பலகையின் மேல்முனையும் சேரும் கோடு, பக்கமுக நாகங்களில் ஆழமாக வெட்டிய பள்ளங்கள். பள்ளத்தில்தான் ஈரமும் பாசியும் முதலில் தங்கும்.

போகிறவர்கள் இந்த மூன்றையும் அளவுகோல் வைத்து, ஒரே தூரத்தில், தேதி குறித்துப் படமெடுத்து இங்கே போடுங்கள். கல்லைத் தொடாமல், அளவுகோலைச் சாய்க்காமல். இரண்டு குளிர்காலப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட ஆரம்பிக்கலாம்.

#19 சாய்வெளிச்சம்

வெளிச்சத் திசையையும் குறியுங்கள். இல்லாவிட்டால் நிழல் மாறியதை விரிசல் வளர்ந்ததாக எடுத்துக்கொள்வோம்.